செட்டித் தெருவும் கைத்தொலைபேசியும்



சிங்கப்பூர் என்பது நம் தோட்டத்து மக்களுக்கு அயலூர் அன்று. பால்மரக் காட்டில் விலை விழுந்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பிழைப்புத் தேடிப் போன நம்மவர் பலர் ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டித்தான் போனார்கள். இன்றும் விடியுமுன்னே எழுந்து அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் அங்கே ஈட்டும் பணம் எப்படிக் காக்கப்படுகிறது, எவ்வழியாக வீடு வந்து சேருகிறது, வழியில் தொலைந்தால் அதற்குப் பொறுப்பு யார் என்பவற்றை நாம் அறிந்திருப்பது நல்லது. அதற்காகச் சிங்கப்பூர் வங்கிகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். அந்த வரலாறு வெள்ளைக்காரர் கட்டிய பெரிய கட்டடத்தில் மட்டும் நடந்ததன்று. தரையில் பாய் விரித்து, சாய்வான மேசைப் பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த தமிழரிடமும் அது நடந்தது.

சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகே மார்க்கெட் ஸ்திரீட் என்றொரு தெரு இருக்கிறது. தமிழர் அதைச் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிவகங்கைச் சீமை, புதுக்கோட்டைச் சீமைப் பக்கத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கே வந்து கடை வைத்தார்கள். அவர்கள் 1859இல் டேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலை நமக்கெல்லாம் தெரியும். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் சென்று சேரும் கோயில் அதுதான்.

அவர்கள் தொழில் நடத்திய கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம் ஒன்றை மனத்தில் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதன் இரு பக்கமும் மரப்பலகை மேடை. மேடையில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு தனித் தொழில் நிறுவனம். ஒரே கூரையின் கீழ் பல நிறுவனங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து தொழில் பார்த்தன. நிறுவனத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முதலாளி குடும்பத்தின் தலைப்பெழுத்துகள்தாம் விலாசம். முதலாளி ஊரில் இருப்பார். இங்கே தொழிலை நடத்துபவர் ஏஜண்டு. அவருக்கு உதவியாக அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கு. மூன்று ஆண்டு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் போவார்; அடுத்த ஏஜண்டு வந்து உட்காருவார்.

அந்தப் பெட்டியடிப் பையன் கற்றிருந்த கணக்கைப் பற்றி ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லாமல் போகக் கூடாது. முந்திரி, காணி, மா என்று கீழ்வாய்ச் சிற்றிலக்கங்களை அவன் மனப்பாடமாக வைத்திருப்பான். முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களைக் கொண்டு கூட்டுவட்டியை மனத்திலேயே போட்டுச் சொல்லும் பிள்ளைகள் அக்காலத்தில் இருந்தார்கள். இன்று எங்கள் வகுப்பில் பதினாறாம் வாய்பாடு சொல்லச் சொன்னால் பிள்ளைகள் கூரையைப் பார்க்கிறார்கள். போகட்டும்.

கிட்டங்கியில் பற்று வரவு இரண்டும் நாள்தோறும் குறிப்பில் ஏறும். பிறகு பேரேட்டுக்குப் போகும். முடிவில் ஐந்தொகை கட்டுவார்கள். கடல் கடந்து பணம் அனுப்ப உண்டியல் எழுதினார்கள். சிங்கப்பூரில் பணத்தைக் கட்டி, உண்டியல் தாளைப் பெற்று, காரைக்குடியிலோ சென்னையிலோ காட்டினால் அங்கே உள்ள கூட்டாளி பணம் கொடுப்பார். காசு கப்பலேறுவதில்லை, கணக்குத்தான் ஏறும். நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று கைத்தொலைபேசியில் நடப்பதும் அடிப்படையில் இதுவே.

1859இல் சார்ட்டர்டு வங்கி சிங்கப்பூரில் கிளை திறந்தது. 1877இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி வந்தது. இவை பெரிய ஏற்றுமதி வணிகருக்கான வங்கிகள். ஒரு சின்னக் கடைக்காரரோ ரப்பர் கன்று நடப் புறப்பட்ட சிறு நிலக்காரரோ அவற்றின் படியேற முடியாது. செட்டியார்களோ அந்த வங்கிகளிடம் மொத்தமாகக் கடன் வாங்கி, தங்கள் முதலோடு சேர்த்து, இவர்களுக்குச் சில்லறையாகக் கடன் கொடுத்தார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் அந்தப் பணம் புகுந்தது. 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தபோது, கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. செட்டியார் தோட்டம் என்று பெயர் பெற்ற தோட்டங்கள் சில உண்டானதற்கு இதுவும் ஒரு காரணம். கடன் வாங்கியவனுக்கு அது கண்ணீர்க் கதைதான். அதை மறைத்துப் பெருமை பேசுவது சரியன்று.

இப்படி நூறாண்டுக்கும் மேலாக நிலைத்த கிட்டங்கி எப்படிச் சரிந்தது? கணிப்பொறி வந்து அதை வீழ்த்தியதாக நினைத்துவிட வேண்டாம். 1930களில் வந்த சட்டங்கள் வட்டிக்குக் கொடுப்பவர் உரிமம் பெற வேண்டும் என்றன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் வாழைமரப் படம் போட்ட நோட்டு புழங்கியது; பழைய கடன்கள் அந்த நோட்டால் அடைக்கப்பட்டன; போர் முடிந்ததும் அது வெறுந்தாளாயிற்று. செட்டியார்களுள்ளும் புதிது கண்டவர்கள் இருந்தார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் அது கதவைத் திறந்தது. கடல் கடந்த தமிழனுக்குக் கிட்டங்கி போதாது, முறையான வங்கி வேண்டும் என்று கண்டவர் அவர். 1954 மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிர் துறந்தார்.

1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் அகற்றப்பட்டன. எஞ்சியிருந்த நிறுவனங்கள் வேறிடங்களுக்குச் சிதறின. அந்தத் தெருவில் கார் நிறுத்தும் மாடிக் கட்டடம் எழுந்தது. பிற்பாடு அதையும் இடித்துவிட்டு, 2021இல் 51 மாடிக் கோபுரம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள்.

இனி எளியவனின் வங்கிக்கு வருவோம். 1877 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. தபால் நிலையத்திலேயே சில்லறைக் காசைக் கட்டலாம். 1972இல் அது தனி அரசு வாரியமாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் தபால் தலை ஒட்டிச் சேமிப்பார்கள். அட்டை நிறைந்தால் கணக்கில் சேரும். 1976க்குள் பத்து இலட்சம் பேர் அதில் கணக்கு வைத்திருந்தார்கள். வைப்புத் தொகை நூறு கோடி வெள்ளியைத் தாண்டியிருந்தது. நம் நாட்டிலும் இப்படியே தபால் நிலையச் சேமிப்பாக இருந்ததுதான் 1974இல் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆயிற்று என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சிங்கப்பூர் அஞ்சலகச் சேமிப்பு வங்கியை 1998இல் டி.பி.எஸ். வங்கி 160 கோடி வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது.

இந்தக் காலத்தில்தான் கணிப்பொறிகள் வங்கிக்குள் நுழைந்தன. 1980களில் ஏ.டி.எம். இயந்திரம் பரவிற்று. 1985இல் உள்ளூர் வங்கிகள் கூடி நெட்ஸ் என்ற அமைப்பை உண்டாக்கின. கடையில் அட்டையைக் கொடுத்தே பொருள் வாங்கலாம் என்ற நிலை அடுத்த ஆண்டே வந்தது. சின்ன நாட்டுக்கு அது பெரிய பாய்ச்சல்தான்.

அந்தப் பாய்ச்சலிலேயே பிற்காலத் தொல்லையும் ஒளிந்திருந்தது. அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

உலகெங்கும் வங்கிகளின் முதற் கணிப்பொறிகளுக்கு எழுதப்பட்ட ஆணைகளில் பெரும்பகுதி கோபால் என்ற மொழியில் இருந்தது. நம் ஊர்ப் பெயர் போல் ஒலிக்கும். ஆனால் 1959இல் அமெரிக்காவில் உருவான கணிப்பொறி மொழி அது. அன்றைய முறை என்னவென்றால், பகலெல்லாம் நடக்கும் பற்று வரவைத் திரட்டி வைத்து, இரவில் கதவடைத்த பின் மொத்தமாகக் கணக்கில் ஏற்றுவது. கிட்டங்கி அடுத்தாள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு பேரேடு எழுதியதைப் போலத்தான். வங்கிக்குக் கதவு இருந்தவரை, கதவடைக்க ஒரு நேரம் இருந்தவரை, இதில் குறையில்லை. இன்று நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஒருவன் பணம் அனுப்புகிறான். இரவு என்று ஒன்று இல்லாத தொழிலுக்கு, இரவை நம்பிக் கட்டிய இயந்திரம் எப்படி ஈடுகொடுக்கும்?

பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். நம் பழைய லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு தோட்ட ஜெனரேட்டரிலிருந்து ஒரு விளக்குக்குக் கம்பி. அதே கம்பியில் விசிறி, அதிலிருந்து தொலைக்காட்சி, பின்கட்டில் இறக்கிய சமையலறைக்கு இன்னொரு கம்பி. எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்று முதலில் இழுத்தவருக்கே தெரியும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஒன்றை அறுத்தால் வீடே இருளுமோ என்ற அச்சம். குடும்பமோ உள்ளேயே இருக்கிறது, ஒரு நாள்கூட வெளியேற முடியாது. பல பெரிய வங்கிகளின் நிலை இதுவே. 2000ஆம் ஆண்டு பிறக்கும் தறுவாயில், ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய ஆணைகள் குழம்பிவிடும் என்று உலக வங்கிகள் எல்லாம் பதறிப் பழைய வரிகளைத் தேடித் திருத்தியது இதனால்தான்.

அதன் பிறகு மாற்றங்கள் விரைந்து வந்தன. 2014இல் வங்கிக்கு வங்கி நொடியில் பணம் போகும் வசதி சிங்கப்பூரில் ஏற்பட்டது. 2017 ஜூலையில் பேநவ் வந்தது. கணக்கு எண் தெரியாமலே தொலைபேசி எண்ணைக் கொண்டு பணம் அனுப்பலாம். 2020 டிசம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையம் கிளையே இல்லாத வங்கிகளுக்கு இடம் கொடுத்தது. வாடகைக் கார் நடத்திய கிராப், தொலைபேசி நடத்திய சிங்டெல் இரண்டும் சேர்ந்து ஒரு வங்கி. இணைய விளையாட்டும் வணிகமும் நடத்திய சீ நிறுவனம் ஒரு வங்கி. மொத்த வணிகருக்காக வேறு இரண்டு. பழைய கம்பி ஒன்றும் இழுக்காத புது வீடு இவர்களுடையது. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் கணக்குத் திறந்தார்கள்.

புதியவன் வந்தால் பழையவன் ஒழிந்தான் என்று சொல்வது எளிது. நடந்தது அப்படியன்று. ஆணையம் புதிய வங்கிகளை அவிழ்த்துவிடவில்லை. ஆரம்பக் கட்டத்தில் ஒருவரிடம் 75,000 வெள்ளிக்கு மேல் வைப்பு வாங்கக் கூடாது, எல்லோரிடமும் சேர்த்து ஐந்து கோடி வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று கயிறு கட்டியே விட்டது. முதல் சில ஆண்டுகள் அவை நட்டக் கணக்கையே காட்டின. மறுபுறம் டி.பி.எஸ். வங்கி தன் கணிப்பொறி முறைகளை அடியோடு புதுப்பிக்க இறங்கி, 2016இல் உலகிலேயே சிறந்த மின்னியல் வங்கி என்று யூரோமணி இதழின் விருதையும் பெற்றது.

அந்த வங்கிக்கே பிறகு நேர்ந்ததைக் கேளுங்கள். 2023 மார்ச் 29ஆம் நாள் அதன் தொலைபேசிச் சேவை ஏறக்குறைய பத்து மணி நேரம் முடங்கியது. காரணம் ஆணைத் தொகுப்பில் ஒரு பிழை. மே 5ஆம் நாள் மறுபடியும். இம்முறை பராமரிப்புக்கான ஆணையை எழுதியவரின் தவறு. அக்டோபர் 14ஆம் நாள் கணிப்பொறிகள் வைத்திருந்த வாடகைக் கட்டடத்தில் குளிரூட்டும் முறை கெட்டது. இயந்திரங்கள் சூடேறின. அன்று மட்டும் சுமார் 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நடவாமல் போயின. அது சனிக்கிழமை. கையில் நோட்டு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டவன் சாப்பாட்டுக் கடையில் என்ன செய்திருப்பான்? குளிர்ந்த நீர் போகும் குழாயின் அடைப்பான் ஒன்று ஒரு நகரத்தின் பணப்பையை மூடிவிட்டது. எவ்வளவு புதிய வங்கியும் ஏதோ ஓரிடத்தில் குழாயையும் கம்பியையும் நம்பித்தான் நிற்கிறது.

நாணய ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பர் முதல் ஆறு மாதம், இன்றியமையாத மாற்றங்கள் தவிர வேறெந்தப் புது ஏற்பாட்டிலும் கைவைக்கக் கூடாது, புதுத் தொழில் எதையும் வாங்கக் கூடாது, கிளைகளையும் ஏ.டி.எம்.களையும் குறைக்கக் கூடாது என்று அந்த வங்கிக்கு உத்தரவிட்டது. வங்கியின் தலைவருக்கு அந்த ஆண்டின் மாறுபடும் ஊதியத்தில் 30 விழுக்காடு, அதாவது 41 இலட்சம் வெள்ளிக்கு மேல், வெட்டப்பட்டது. பொறுப்பு மேலிடத்தில் தொடங்கியது என்பதில் நமக்கு மனநிறைவுதான். தோட்டத்தில் இயந்திரம் பழுதானால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது நாம் அறிந்தது.

இப்போது தேக்காவுக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், பணம் அனுப்பும் கடைகளின் முன் நிற்கும் வரிசை. தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் வாரம் முழுதும் உழைத்து, அந்த ஒரு நாள் ஓய்வில் பாதியை வரிசையில் கழிப்பார்கள். 2020இல் நோய்த்தொற்றின்போது ஊழியர் விடுதிகள் அடைக்கப்பட்டன. வெளியே வர முடியாதவனுக்குச் சம்பளத்தை நோட்டாகக் கொடுத்து என்ன பயன்? சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்தது. அங்கிருந்து தொலைபேசி வழியே ஊர் போயிற்று. பல பேருக்கு அதுதான் முதல் வங்கிப் பழக்கம்.

2023 பிப்ரவரி 21ஆம் நாள் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யு.பி.ஐ. முறையும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஆயிரம் வெள்ளி வரை என்று தொடங்கினார்கள். இந்தியத் தரப்பில் முதலில் சேர்ந்த வங்கிகளுள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இருந்தது. 1907இல் சென்னையில் பிறந்த இந்தியன் வங்கியும் இருந்தது. உண்டியல் எழுதியவர்களின் வழித்தோன்றல்கள் என்று இவற்றைச் சொன்னால் மிகையாகாது. அதே ஆண்டு நவம்பரில் நம் நாட்டு டூயிட்நவ்வும் பேநவ்வோடு இணைந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அங்கிருந்தே அம்மாவின் தொலைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்ப இப்போது வழி உண்டு.

வழி திறந்தால் நல்லவன் மட்டுமா வருவான்? 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓ.சி.பி.சி. வங்கி அனுப்பியது போலவே வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. உங்கள் கணக்கில் கோளாறு, இந்த இணைப்பைத் தொடுங்கள் என்றன. வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையிலேயே அவையும் வந்து உட்கார்ந்ததால், படித்தவர்களும் நம்பினார்கள். ஏறத்தாழ 790 பேர் 1 கோடி 37 இலட்சம் வெள்ளியைப் பறிகொடுத்தார்கள். வாழ்நாள் சேமிப்பு சில நிமிடங்களில் போயிற்று. வங்கி இறுதியில் அவர்கள் எல்லோருக்கும் இழந்ததைக் கொடுத்தது. ஆனால் நல்லெண்ணத்தால் கொடுக்கிறோம் என்று சொல்லியே கொடுத்தது. அடுத்த மாதமே, வங்கிகள் வாடிக்கையாளருக்குத் தொடும் இணைப்புள்ள குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது என்று ஆணையம் விதித்துவிட்டது. ஆகையால் சிங்கப்பூர் வங்கியின் பெயரில் இணைப்போடு ஒரு செய்தி வந்தால், அது வங்கியினுடையது அன்று. பிள்ளைகளே, இதை வீட்டில் தாத்தா பாட்டிக்கும் சொல்லிவையுங்கள்.

நல்லெண்ணம் என்பது சட்டம் ஆகாது. பொறுப்பு யாருடையது என்பதை எழுதிவைக்க மேலும் மூன்றாண்டு பிடித்தது. 2024 டிசம்பர் 16 முதல் நடப்பிலுள்ள ஏற்பாட்டின்படி, போலி இணைப்பால் பணம் போனால் முதலில் வங்கி தன் கடமைகளைச் செய்ததா என்று பார்ப்பார்கள். செய்யாவிட்டால் இழப்பு வங்கிக்கு. வங்கி செய்திருந்தால் தொலைபேசி நிறுவனத்தைப் பார்ப்பார்கள். இரண்டும் தவறவில்லையென்றால் இழப்பு வாடிக்கையாளருக்கே. பேச்சில் மயங்கித் தானே பணத்தை அனுப்பிக்கொடுத்தவனுக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

கிட்டங்கி ஏஜண்டு கடன் கேட்டு வந்தவனின் முகத்தைப் பார்ப்பார்; பேச்சைப் பார்ப்பார்; ஏதோ சரியில்லை என்று பட்டால் பேரேட்டை மூடிவிட்டு நாளை வா என்பார். தொலைபேசித் திரைக்கு முகம் பார்க்கத் தெரியாது. அந்தக் குறைக்குச் சிங்கப்பூர் 2025 ஜூலை முதல் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. ஏமாற்றுக்காரனிடம் சிக்கியவர், மகளும் வங்கியும் எடுத்துச் சொல்லியும் கேளாமல் பணம் அனுப்பியே தீருவேன் என்று நின்றால், காவல் துறை அவருடைய கணக்கிலிருந்து பணம் வெளியேறாமல் முப்பது நாள் நிறுத்தி வைக்கும்படி வங்கிக்குச் சொல்லலாம். வேண்டுமானால் அதை நீட்டிக்கவும் செய்யலாம். அன்றாடச் செலவுக்கு மட்டும் கேட்டுப் பெறலாம்.